மனு பார்த்தல்

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் 'மனு பார்ப்பது' என்று பெயர். சிறை விதிகளில் அதுவே நேர்காணல். வடக்கே முலாகாத் என்கிறார்கள், சந்திப்பு என்று பொருள். கைதிகளைப் பார்க்க இணையத்தில் பதிவு செய்வதற்கு மத்திய அரசு உருவாக்கிய ஏற்பாட்டுக்கும் இ-முலாகாத் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சொல்லில் சந்திப்பே கிடையாது. இருப்பது ஒரு விண்ணப்பத் தாள் மட்டும். "நேத்து மனுவுக்குப் போயிருந்தேன்", "இந்த வாரம் மனு கிடைக்கல", "மனு ரூம்ல ஒரே சத்தம்" என்று என் சித்தி பேசக் கற்றுக்கொண்டது 2020 ஜனவரியில். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் தேவை வந்ததில்லை.

சித்தி மகன் எனக்கு ஆறு வயது இளையவன். பொங்கல் கழிந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் திருப்புவதில் தகராறு. இரண்டு பக்கமும் மண்வெட்டி. தலையில் அடிபட்டவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 302. யார் அடி விழுந்தது என்பது வழக்கில் இருக்கிறது, அதை இங்கே எழுதுவதற்கில்லை. தன் கையிலும் மண்வெட்டி இருந்தது என்பதைத் தம்பி மறுக்கவில்லை. இறந்தவரின் வீடு அதே தெருவில், சித்தி வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நான்கு வீடு தள்ளி. தூரத்துச் சொந்தம். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தோம்.

பிப்ரவரியில் நானும் இரண்டு முறை மனுவுக்குப் போனேன். விடிகாலை முதல் பஸ், ஒரு இடத்தில் மாறி, வெயில் ஏறுமுன் வரிசையில் நிற்க வேண்டும். ஆதார் நகல், விரல் ரேகை, ஃபோட்டோ. உள்ளே நீளமான அறை, நடுவில் கம்பிவலை, ஓர் இடைவெளி, அப்புறம் இன்னொரு கம்பிவலை. இந்தப் பக்கம் இருபது முப்பது பேர், அந்தப் பக்கம் இருபது முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்து ஆள் கத்துவதால் நாமும் கத்துகிறோம், நாம் கத்துவதால் அவர் இன்னும் கத்துகிறார். ரகசியம் பேச முடியாது, துக்கமும் பேச முடியாது. "சாப்பிட்டியால?" "வக்கீல் வந்தாரா?" "துணி வேணுமா?" என்று ஒரு வரியில் கத்தக்கூடியவற்றை மட்டும் பேசலாம். வெளியே வந்ததும் சித்தி, "முகம் தெளிவா தெரியல, ஆனா குரல் நல்லாருக்கு" என்றாள்.

உண்மையில் அவள் காத்திருந்தது மனுவுக்கு அல்ல, வாய்தாவுக்கு. விசாரணைக் கைதியின் குடும்பத்துக்கு வாய்தாதான் பெரிய நாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காவல் நீட்டிப்புக்கு வழிக்காவலோடு கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். நீதிபதி முன்னால் நிற்பது ஒரு நிமிடம், கோர்ட் வராந்தாவில் காத்திருப்பது இரண்டு மணி நேரம். கூட வந்த போலீஸ்காரர் மனசு வைத்தால் பக்கத்தில் போய் நிற்கலாம். டீ வாங்கிக் கொடுக்கலாம், வடையைப் பிட்டு வாயில் வைக்கலாம். பிப்ரவரி வாய்தா ஒன்றில் சித்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி முழு நேரமும் நின்றாள், ஒன்றுமே பேசவில்லை. எந்த விதியிலும் இல்லாத சந்திப்பு இது. அதனால் மார்ச் மாதம் எல்லாம் நின்றபோது, இது நின்றதாக எந்த உத்தரவிலும் எழுதப்படவும் இல்லை. மனுவுக்குப் பதிலாக வீடியோ அழைப்பு வந்தது. வாய்தாவுக்குப் பதிலாக நீதிபதியின் திரைக்கும் சிறையின் திரைக்கும் இடையே ஒரு இணைப்பு வந்தது. அதில் வராந்தா இல்லை.

2020 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் கொரோனா பரவும் ஆபத்தைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. 23ஆம் தேதி, ஒவ்வொரு மாநிலமும் உயர்மட்டக் குழு அமைத்து யார் யாரை பரோலிலும் இடைக்கால ஜாமீனிலும் விடலாம் என்று பார்க்கச் சொன்னது. டிவியில் கீழே ஓடிய வரியைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்லி, சித்தி என்னிடம் ஓடி வந்தாள். "எய்யா, எல்லாரையும் விடுதாங்களாம்லா?" ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களையே அந்த உத்தரவு உதாரணமாகச் சொல்லியிருந்தது. 302 அதில் வராது. இதை அவளுக்கு விளக்கியது போல் ஒரு கஷ்டமான விளக்கத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கிருமி வருவதற்கும் செக்ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்தியச் சிறைகளில் 2020 முடிவில் இருந்தவர்கள் 4,88,511 பேர், அதில் 3,71,848 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நான்கில் மூன்று பேர் தீர்ப்பு இல்லாமல் உள்ளே இருப்பவர்கள்.

சிறைக்காரர்களின் பார்வையில் மனு ஒரு சலுகை. கைதிகளுக்கு அது அப்படியில்லை என்பது அந்த மாதம் உலகமெங்கும் தெரிந்தது. இத்தாலியில் மார்ச் இரண்டாம் வாரம் குடும்பச் சந்திப்புகளை நிறுத்தியதுமே பல சிறைகளில் கலவரம் வெடித்தது. மோதெனா நகரச் சிறையில் மட்டும் ஒன்பது கைதிகள், நாடு முழுக்க பதின்மூன்று பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மருந்தறையை உடைத்து அங்கிருந்ததை அளவின்றி விழுங்கியதால் இறந்ததாகச் சொன்னார்கள். மார்ச் 21 அன்று கொல்கத்தா டம்டம் மத்தியச் சிறையிலும் அதே கதை. மனு கிடையாது, கோர்ட்டும் மூடல் என்றதும் தீயும் கல்வீச்சும் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும். வெளியே ஊரடங்கில் இருந்த நமக்கு சலிப்பு இருந்தது, பயம் இருந்தது. ஆனால் ஃபோன் இருந்தது. உள்ளே இருப்பவனுக்கு வெளியில் யார் செத்தார்கள் என்பதே தெரியாது.

ஏப்ரலில் எங்களுக்கு முதல் வீடியோ அழைப்பு வந்தது. சிறை ஃபோனில் இருந்து வாட்ஸ்அப். சித்தியிடம் இருந்தது பட்டன் ஃபோன், ஆகையால் என் எண்ணைக் கொடுத்திருந்தோம். நான் அப்போது ஊருக்கு வந்து, வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை, எந்த நாள் என்று ஓரளவு தெரியும், எந்த நேரம் என்று தெரியாது. எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த வாரம்தான். அன்று முழுக்க நான் மீட்டிங்குகளில் ஒரு காதை மட்டும் வைத்திருப்பேன். அழைப்பு வந்ததும் மைக்கை அணைத்துவிட்டு, ஃபோனைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு ஓடி சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். ஓட்டத்தில் என் மூச்சு வாங்கும் முகத்தைத்தான் அவன் முதலில் பார்ப்பான். "மெதுவா வாங்கண்ணே, நான் எங்க போகப் போறேன்?" என்பான்.

முதல் தடவை சித்தி ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடமும் அவனுக்குத் தெரிந்தது அம்மாவின் காதும் கம்மலும் மட்டும். நான் பிடுங்கித் திருப்பினால் மறுபடி காதுக்கே கொண்டுபோனாள். பிறகு அவள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "அவன் குரல்லதான் எனக்கு நம்பிக்கை. முகத்தை அவன் மாத்திக்கிடுவான்." ஃபோனில் முகம் தெளிவாகத் தெரிந்ததும் அவளுக்கு ஒரு தொந்தரவாக இருந்தது என்று நினைக்கிறேன். கம்பிவலையில் இளைப்பு தெரியாது. திரையில் கன்னம் ஒட்டியிருப்பது தெரிந்தது.

மூன்றாவது அழைப்பில் அவன், "அண்ணே, போனக் கொல்லைப் பக்கம் திருப்புங்க" என்றான். அந்த வாரம்தான் பசு கன்று போட்டிருந்தது. நான் நடந்து போய்த் தொழுவத்தைக் காட்டினேன். கிணற்றடி, முருங்கை, கொடியில் காயும் துணி. அவன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கூட நின்ற வார்டர்கூட, "கிடாரியா, காளையா?" என்று கேட்டார். கிடாரி.

மனு என்பது வெளியே இருப்பவர்கள் சிறைக்குப் போய்ப் பார்ப்பது. அறை அவர்களுடையது, வெளிச்சம் அவர்களுடையது, நாம் நம் உடம்பை மட்டும் கொண்டுபோகிறோம். இந்தப் பாழாய்ப்போன வீடியோ அழைப்பில் திசை மாறியிருந்தது. கைதியின் கண் சிறையை விட்டு வெளியே வந்து, தன் வீட்டுக்குள் நடந்து, தொழுவத்தில் குனிந்து கன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. எந்தச் சிறை விதியும் இதை யோசித்து அனுமதித்திருக்க வாய்ப்பில்லை. மனுவுக்கு மலிவான மாற்று என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். தொடுவது, பக்கத்தில் நிற்பது, தனக்காக ஒருத்தி விடிகாலை பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்ற எண்ணம் எல்லாம் போயிற்று. ஆனால் வேறொன்று வந்திருந்தது.

நாலாவதோ ஐந்தாவதோ அழைப்பில் அவன் தெருவைக் காட்டச் சொன்னான். நான் திண்ணைக்கு வந்து ஃபோனை மெதுவாகத் திருப்பினேன். ஊரடங்கில் ஆளில்லாத தெரு. எதிர்ச்சாரியில் அந்த வீட்டு வாசலில் அத்தை முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்காது, அந்த நாளில் அந்த நேரத்தில் நான் ஓடுவதைத் தெருவே பார்க்கும். சித்தி என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி மார்போடு வைத்து மூடிக்கொண்டாள். உள்ளே இருந்து தம்பியின் குரல் மட்டும் "அம்மா, அம்மா" என்று கேட்டது. மிச்ச நேரம் அப்படியே போயிற்று.

அதற்குப் பிறகு ஃபோனில் தெருவை அவன் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் கேட்டான். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து தபால் ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஐம்பது பைசா அஞ்சலட்டைகள் வந்தன, சிறை முத்திரையோடு. அதிகாரி படித்துத்தான் அனுப்புவார் என்று தெரிந்தும், பக்கத்தில் வார்டரை வைத்துக்கொண்டு பேச முடியாததை மனிதன் எழுதிவிடுகிறான். சித்திக்குப் படிக்க வராது, நான்தான் வாசிப்பேன். ஒரு அட்டையின் கடைசி வரி: எதிர்வீட்டு அத்தை எப்படி இருக்கிறார்கள், பையன் பத்தாவது என்ன ஆனான். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். சித்தி, "நிறுத்தாத, வாசி" என்றாள். வாசித்தேன். அவள் அட்டையை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். பையன் பாஸ்தான். அந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்து எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். அப்பா செத்த வருடத்தில் அவனுக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

ஜூன் 19 என்ற தேதியை நான் இரண்டு காரணங்களுக்காக மறக்க முடியாது. அன்று உச்ச நீதிமன்றம் காசி என்பவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. மதுரைக் கிளையிலிருந்து மேலே போன வழக்கு. ஊரடங்கைக் காரணம் காட்டிக் குற்றப்பத்திரிகையைத் தாமதமாகத் தாக்கல் செய்ய முடியாது, குறித்த நாளுக்குள் வராவிட்டால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை என்றது. எங்கள் வழக்கில் குற்றப்பத்திரிகை தொண்ணூறு நாளுக்குள்ளேயே வந்திருந்தது, எங்களுக்குப் பயனில்லை. அதே நாள் மாலை சாத்தான்குளத்தில் ஜெயராஜைக் கடையிலிருந்து காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே மகன் பென்னிக்ஸ் போனார். மறுநாள் இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறையில். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள்.

அடித்தது காவல் நிலையத்தில், சிறையில் அல்ல என்று நான் சித்தியிடம் எத்தனையோ முறை சொன்னேன். உள்ளே பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு லாக்கப், கிளைச் சிறை, மத்தியச் சிறை எல்லாம் ஒரே கட்டடம்தான். அந்த வார அழைப்பில் அவள் முதல் முறையாக ஃபோனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "சட்டையக் கழட்டுல" என்றாள். அவன் சிரித்தான். "கழட்டுன்னு சொல்லுதேன்லா." அவன் வார்டரைப் பார்த்தான். அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி நின்றான். பிறகு முன்பக்கம், பிறகு இரண்டு கையையும் தூக்கி. நெட்வொர்க் விட்டு விட்டு வந்ததில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எதெல்லாம் மாறுகிறதோ அதை மட்டும் அனுப்புவதுதான் வீடியோவின் சிக்கனம், மிச்சத்தைப் பழைய படத்திலிருந்தே ஒட்டிக்கொள்ளும் என்று தொழில்முறையாக எனக்குத் தெரியும். அன்று அந்த அறிவு எனக்கு வேண்டாத சுமையாக இருந்தது. பார்ப்பது இந்த நொடியின் முதுகா, போன நொடியின் முதுகா? சித்தி, "அசையாம நில்லு" என்றாள். அவன் நின்றான். படம் மெல்லத் தெளிந்தது. ஒன்றுமில்லை, வேர்க்குரு.

கம்பிவலையில் இதைக் கேட்டிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் அந்தத் திரை கிடைக்கவில்லை. ராஜீவ் கொலை வழக்கில் வேலூர்ச் சிறையில் இருந்த முருகனின் தந்தை 2020 ஏப்ரலில் இலங்கையில் இறந்தார். அவர் முகத்தை வீடியோவில் கடைசியாகப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை, வெளிநாட்டுக்குப் பேசுவது குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாக்பூர்ச் சிறையில் இருந்த பேராசிரியர் சாய்பாபாவின் தாய் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஐதராபாத்தில் புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய ஜாமீன் மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒரு ஃபோனுக்கும் சிம்முக்கும் ஆகிற செலவை யோசித்தால் இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. கஷ்டம், கைதியின் கண் எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்வதில் இருக்கிறது.

செப்டம்பரில் ஒருநாள் தெருக்குழாயில் அத்தை என்னை நிறுத்தினாள். வழக்குக்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "போன்ல பேசுதானாம்லா?" என்றாள். ஆமாம் என்றேன். குடத்தை இறக்கி வைத்தாள். "உன் போன்ல உங்க மாமா குரல் ஏதும் கிடக்குதா எய்யா? அவுக போனு கேஸ்ல கிடக்கு. கோர்ட்டுலதான் இருக்குங்காவ. இந்தப் பய அப்பா குரல் மறந்துபோச்சுங்கான்."

அன்று இரவு பழைய வாட்ஸ்அப் குழுக்களைத் தோண்டினேன். 2019 கோடையில் கோயில் கொடை. நான் எடுத்த வீடியோ ஒன்றில் வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் மாமா மைக்கைப் பிடித்து நன்கொடைக்காரர்களின் பெயர்களை வாசிக்கிறார். நாற்பது விநாடி. அதில் ஏழாவது பெயர் என் சித்தப்பாவுடையது. ஐந்நூற்று ஒன்று ரூபாய்.

வக்கீலிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். அந்த அம்மா அரசுத் தரப்பு சாட்சி. நீங்கள் அவர்கள் வீட்டுக்கு எதையும் அனுப்பினால் சாட்சியைக் கலைக்கிறார்கள் என்பார்கள், ஜாமீனே கிடைக்காது என்றார். அவர் சொன்னது சரி. நான் சித்தியிடம் கேட்டேன், அவள் மகன் விஷயம் அல்லவா. நீண்ட நேரம் பாத்திரம் விளக்கிக்கொண்டே இருந்தாள். "எம் பிள்ளை குரலை நான் வாரா வாரம் கேக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்த நாற்பது விநாடியை வெட்டாமல், சித்தப்பா பெயரோடு, ஊர்ப் பொதுக் குழுவில் பழைய கொடை வீடியோ என்று போட்டேன். அந்தக் குழுவில் இரண்டு வீட்டுக்காரர்களும் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டிலிருந்து பல நாள் இரவில் நன்கொடைப் பட்டியல் கேட்டது.

நேரடி மனு மறுபடி தொடங்கியபோது சித்தி போனாள். முகக்கவசம், வெப்பமானி, தள்ளித் தள்ளி வட்டங்கள், கூட்டம் குறைவு, கத்தலும் குறைவு. முகக்கவசம் தண்டனைக் கைதிகள் உள்ளே தைத்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதைக் கழற்றாமல் வீடு வரை போட்டுக்கொண்டே வந்தாள். எப்படி இருந்தான் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்தான். கன்னுக்குட்டி எப்படி இருக்குன்னு கேட்டான். நான் என்னத்தக் காட்ட?" என்றாள்.

2021 தொடக்கத்தில் ஜாமீன் கிடைத்தது. கண்டிஷன் பெயில். சாட்சிகள் விசாரணை முடியும்வரை ஊருக்குள் வரக் கூடாது. வேறொரு மாவட்டத்தில் தங்கி, தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. அது பிறகு வாரம் ஒருநாள் என்று தளர்ந்தது. அங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். விசாரணை இன்னும் சாட்சிகள் கட்டத்தையே எட்டவில்லை. சித்தி ஸ்மார்ட்ஃபோன் வாங்கிவிட்டாள், என்னைவிட நன்றாகப் பிடிக்கிறாள். சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு அவன் கூப்பிடுவான். ஃபோனை முருங்கைக் கிளை இடுக்கில் சாய்த்துவைத்துவிட்டுக் கறப்பாள். தெருப் பக்கம் திருப்புவதில்லை. அந்தக் கிடாரி இப்போது ஆறு மாதச் சினை. அவன் அதை இன்னும் நேரில் பார்க்கவில்லை.